தெரியாது என்று சொன்ன காலை

எனக்குச் சிங்களம் நன்றாகவே வரும். கண்டியில் பிறந்து, இங்கேயே படித்து, அரச கந்தோர் ஒன்றில் இருபத்தேழு வருடம் கிளாக்காக இருந்தவளுக்கு வராமல் எப்படி? சிங்களத்தில் கடிதம் வரைவேன், மேலதிகாரி வரைந்த கடிதத்தில் பிழை பிடிப்பேன், பஸ் கண்டக்டரோடு சண்டையும் போடுவேன். ஆனால் சீருடை போட்ட ஒருவர் முன்னால் வந்து நின்றால் அத்தனை சிங்களமும் எங்கோ ஓடிவிடும். மிஞ்சுவது இரண்டே சொற்கள். "தன்னே நே." தெரியாது.

அந்தச் சொற்களை நான் சும்மா கற்றுக்கொள்ளவில்லை. யுத்த காலத்தில் எனக்கு இருபத்து மூன்று வயது. எங்கள் வீடு கலகெதரப் பக்கம், அங்கிருந்து வரும் பஸ்ஸை நம்பி வேலைக்குப் போக முடியாது என்பதால் டவுனில் ஒரு போர்டிங்கில் இருந்தேன். என் அறையின் மற்றக் கட்டில் யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்த ஒரு பிள்ளையுடையது. ஒரு நாள் சோதனைக்கு வந்தவர்கள் அவளைக் காட்டி, இவளைத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும், என் சிநேகிதி என்றேன். அந்தப் பதிலுக்காகக் காலை எட்டு மணியிலிருந்து பொழுது சாயும்வரை பொலிஸ் நிலையத்து மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு யார் கடிதம் போடுகிறார்கள், சனிக்கிழமைகளில் எங்கே போகிறாள், எதற்கு இரண்டு குடை வைத்திருக்கிறாள்? தெரியும் என்றாயே, சொல். அவளை மறுநாள் விட்டுவிட்டார்கள். அவள் படிப்பை விட்டுவிட்டு ஊருக்கே போய்விட்டாள்.

அடுத்த சோதனையில் வேறொரு பிள்ளையைக் காட்டிக் கேட்டார்கள். தன்னே நே என்றேன். ஐந்து நிமிடத்தில் போய்விட்டார்கள். அன்றைக்கு என் நாக்கில் வந்து குடியேறிய சொல் அது. எங்கள் ஆட்களில் இதைப் படிக்காதவர்கள் இல்லை. அடையாள அட்டையைக் கைக்கு எட்டும் இடத்தில் வைப்பது, சத்தமாகத் தமிழ் பேசாமல் இருப்பது, கேட்டால் தெரியாது என்பது. சமையல் தெரியாத பெண்கள் எங்களுக்குள் இருந்தார்கள், இது தெரியாதவர்கள் இருக்கவில்லை.

யுத்தம் முடிந்து பத்து வருடத்தில் அந்த உயிர்த்த ஞாயிறு வந்தது. நான் உடுப்பு ஊறவைத்துக்கொண்டிருந்தேன். என் கணவர் போனைப் பார்த்தபடியே, கொழும்பில் ஒரு தேவாலயத்தில் ஏதோ வெடித்திருக்கிறதாம் என்றார். கரண்ட் கோளாறாக இருக்கும் என்று நினைத்தோம். பிறகு இன்னொரு தேவாலயம். பிறகு ஹோட்டல்கள். ஒவ்வொன்றாக வரவர இரண்டு பேரும் கதிரையில் உட்காராமல் நின்றுகொண்டே பார்த்தோம். ஊறவைத்த உடுப்பு அன்று முழுக்க வாளியிலேயே கிடந்தது.

ஒன்றை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். என் மனதில் முதலில் வந்தது செத்தவர்கள் இல்லை. செய்தது நம் ஆட்களாக இருக்கக் கூடாது கடவுளே என்பதுதான் முதலில் வந்தது. முஸ்லிம் பெயர்கள்தான் வருகின்றன, நம் ஆட்கள் இல்லை என்று தெரிந்ததும் ஒரு பெருமூச்சு விட்டேன். அந்த மூச்சுக்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

ஏனென்றால் நான் மூச்சு விட்ட நேரத்தில், கந்தோரில் என் பக்கத்து மேசையில் இருப்பவள் தன் அக்காவைத் தேடிக்கொண்டிருந்தாள். அவள் மன்னாரில் பிறந்த கத்தோலிக்கப் பெண். அக்கா கல்யாணம் செய்து கடலோரத்து ஊரொன்றில் இருந்தாள். அக்காவும் அக்காவின் சின்ன மகளும் பூசைக்குப் போயிருந்தார்கள். இரண்டு பேரும் திரும்பி வரவில்லை. செத்த வீட்டுக்குக் கந்தோரிலிருந்து வேன் பிடித்துப் போனோம். கண்டியிலிருந்து கடல் வரைக்கும் வெள்ளைக் கொடி. விகாரையில், கோயிலில், பள்ளிவாசலில், டயர்க் கடையில், எல்லா வாசலிலும். அந்த ஊரில் ஒரே தெருவில் ஆறு வீட்டில் பந்தல் போட்டிருந்தார்கள். பந்தலுக்குள் பெரிய பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி. திரும்பி வரும் வழியெல்லாம் எங்கள் சாரதி, சாமி, சாமி என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

நாங்கள் இருப்பது கட்டுகஸ்தோட்டையில். மடவளை பஸ் போகும் ரோட்டிலிருந்து மேலே ஏறும் ஒரு லேன், ஏழு வீடுகள். எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு முஸ்லிம் குடும்பம். குடும்பத் தலைவர் வயரிங் பாஸ், வீடுகளுக்குக் கரண்ட் வேலை செய்பவர். என்னைவிடப் பத்து வயது இளையவர், ஆனாலும் ஊர் வழக்கப்படி நானும் அவரை அண்ணன் முறையில் நானா என்றே கூப்பிடுவேன். அவர் என்னை அக்கா என்பார். எங்கள் வீட்டைக் கட்டியபோது வயர் இழுத்தவர் அவர்தான். அவர் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் மெயின் சுவிட்ச் பெட்டியின் மூடியைத் திறந்து, எந்த சுவிட்ச் எந்த அறைக்கு என்று உள்பக்கத்தில் பென்சிலால் எழுதிவைப்பார். தமிழிலும் எழுதுவார், கீழே சிங்களத்திலும் எழுதுவார். நாளைக்கு எவர் வந்து திறந்தாலும் விளங்க வேண்டும் என்பார். கடைசியில் தன் போன் நம்பரையும் போடுவார்.

புத்தர் பிறந்த வெசாக் பண்டிகை வந்தால் சந்தியில் பெரிய லைட் தோரணம் கட்டுவார்கள். அதில் பல்புகள் மாறி மாறி எரிந்து சுழல்வது போல் தெரியும். அதற்கு நேரம் பார்த்து அணைத்து ஏற்றும் சின்னப் பெட்டிகள் வேண்டும். சந்திக் கடை முதலாளிதான் தோரணக் கமிட்டித் தலைவர், அவர் வருடா வருடம் அந்த வேலையை நானாவிடம்தான் கொடுப்பார். அந்த வருடமும் கொடுத்திருந்தார். அதனால் அந்த ஞாயிறு வந்தபோது நானாவின் முன் அறையில் என்ன இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். வயர்ச் சுருள்கள், பெற்றரிகள், மணிக்கூட்டு மோட்டார்கள், பலகையில் அறைந்த டைமர்கள். முந்திய நாள்வரை அது வெசாக் லைட். அந்த ஞாயிறுக்குப் பிறகு அதைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது. எனக்குத் தெரியும் அது என்ன என்று. தெரிந்தும் பயம் வந்தது. அதுதான் அந்த நாட்களின் விசேஷம்.

நானாவிடம் போய், அந்தச் சாமான்களை முதலாளி கடையில் கொண்டுபோய் வைத்துவிடுங்கள், ஆர்டர் கொடுத்ததற்கு ஒரு துண்டு எழுதி வாங்குங்கள் என்று சொல்லியிருக்கலாம். சந்தேகத்துக்கு ஆளாவதில் எங்களுக்கு முப்பது வருட அனுபவம், அவருக்கு அது புதுசு. ஆனால் சொல்லவில்லை. வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஏழெட்டு நாளில் எங்கள் லேனுக்குச் சோதனை வந்தது. காலை ஏழு மணி. நான் சாரிக்குப் பின் குத்திக்கொண்டிருந்தேன். ஜீப் சத்தம் கேட்டதும் கை தானாகப் போய் அடையாள அட்டையை எடுத்தது. எங்கள் வீட்டில் பத்து நிமிடம். அலுமாரியைத் திறந்தார்கள், சாமி அறையை வெளியில் நின்றே பார்த்தார்கள், மரியாதையாகப் போனார்கள். நானா வீட்டுக்குள் போனவர்கள் வெளியே வரவில்லை. பிறகு ஒருவர் வந்து இன்னும் ஆட்களைக் கூப்பிட்டார். டைமர்களை ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து முற்றத்தில் வைத்தார்கள். நானா சாரமும் பெனியனுமாக நடுவில் நின்று, தோரணம், தோரணம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மனைவி கதவைப் பிடித்தபடி நின்றாள்.

அப்போதுதான் பொலிஸ்காரர் ஒருவர் மதிலோரம் வந்து என்னைப் பார்த்துக் கேட்டார்.

"மே மினிஹாவ தன்னவத?"

இந்த மனிதனைத் தெரியுமா? எனக்கும் நானாவுக்கும் நடுவில் இடுப்பளவு மதில்தான் இருந்தது. தெரியும், இவர் வயரிங் பாஸ், என் வீட்டுக்கு வயர் இழுத்தவர், இது வெசாக் லைட், முதலாளியைக் கேளுங்கள். இவ்வளவும் எனக்குச் சுத்தமான சிங்களத்தில் சொல்லத் தெரியும். நான் வாயைத் திறந்தேன்.

"தன்னே நே, மஹத்தயா."

தெரியாது, ஐயா. யோசித்துச் சொன்னதாக இருந்தால் என்னை நானே திட்டிக்கொள்ளலாம். யோசிக்கவே இல்லை. தும்மல் மாதிரி வந்துவிட்டது. அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். நானா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. வெறுமனே பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பத்து நிமிடத்தில் அவரை ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள்.

நான் வேலைக்குப் போனேன். அதையும் சொல்லத்தான் வேண்டும். அன்று எத்தனை கடிதம் எழுதினேன், என்ன சாப்பிட்டேன், ஒன்றும் நினைவில்லை. மாலை வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் புடவைக்கடையில் வேலை செய்பவர், நாலு பேரோடு பேசிப் பழகியவர், ஆனால் இந்த விஷயத்தில் என்னைவிடப் பயந்தவர். நல்ல வேலை செய்தாய், நமக்கு எதற்கு வம்பு என்றார். அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். எரிச்சல்தான் வந்தது.

சித்திரை மாத மாலைகளில் கண்டியில் இடி இடிக்கும். அன்றும் இடித்தது, டக்கென்று கரண்ட் போனது. ட்ரிப் சுவிட்ச் விழுந்திருந்தது. போன் வெளிச்சத்தில் பெட்டியின் மூடியைத் திறந்தேன். உள்ளே பென்சில் எழுத்து. குசினி. ஹோல். சாமி அறை, அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு, விளக்குக்குத் தனி வயர். பின் அறை. கீழே எல்லாம் சிங்களத்தில் இன்னொரு முறை. அடியில் அவருடைய நம்பர். தெரியாது என்று நான் சொன்ன மனிதர் என் வீட்டுச் சுவரின் ஒவ்வொரு வயரையும் அறிந்தவர். என் சாமிக்கு எரியும் பல்பு எந்த வழியாக எரிகிறது என்று எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். மூடியைப் பிடித்தபடியே அழுதேன். சுவிட்சைப் போடக்கூட மறந்து நின்றேன்.

மறுநாள் காலை கந்தோருக்குப் போய் லீவு கேட்டேன். பக்கத்து மேசைக்காரி அந்த வாரம்தான் திரும்பி வந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? அவளுடைய அக்காவைக் கொன்றவர்களுடைய மதத்துக்காரர் ஒருவருக்காகப் பேசப் போகிறேன். பொய் சொல்லலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பேனாவின் மூடியைக் கழற்றினாள், திரும்பப் போட்டாள்.

"உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச ஆளோ?" என்று கேட்டாள்.

"நல்லாத் தெரிஞ்ச ஆளுதான்."

"ஓம். அப்ப போங்கோ. ஃபைல நான் பாக்கிறன்."

என் மேசையிலிருந்த ஃபைல்களை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். அந்த வருடம் ஒற்றுமையைப் பற்றி எத்தனையோ பேர் மேடை போட்டுப் பேசினார்கள். எனக்கு நினைவிருப்பது அந்த ஃபைல்கள் மேசையில் உரசி நகர்ந்த சத்தம்தான்.

பஸ் பிடித்து லேனுக்கே திரும்பி வந்து நானாவின் மனைவியைக் கூப்பிட்டேன். அவளும் பொலிசுக்குத்தான் புறப்பட்டு நின்றாள். "ஒங்களுக்குக் கந்தோர் இல்லையா அக்கா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். நான் தெரியாது என்று சொன்னது அவளுக்கும் கேட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. நான் உட்கார்ந்தேன்.

பொலிசில் மூன்று மணி நேரம் வாங்கில் இருந்தோம். இருபத்து மூன்று வயதில் உட்கார்ந்த அதே வாங்குதானோ என்று தோன்றியது. ஒருவழியாக உள்ளே கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி நடுவயதுக்காரர், பல நாள் தூக்கமில்லாத முகம். நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். தன்னவா, தெரியும், பதினோரு வருடமாகத் தெரியும். அவர் ஒரு கடதாசியைத் தேடி எடுத்தார்.

நேற்று தெரியாது என்று சொன்னீர்களே என்றார். ஆமாம் என்றேன். அவர் இன்னொரு கடதாசியை எடுத்தார். அந்த மனிதரிடமும் கேட்டோம், பக்கத்து வீட்டுக்காரர்களை எனக்குத் தெரியாது, பேச்சுவார்த்தை இல்லை என்று வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். இப்போது நீங்கள் வந்து பதினோரு வருடப் பழக்கம் என்கிறீர்கள். இரண்டு பேரில் ஒருவர் பொய் சொல்கிறீர்கள். எதற்கு?

நானாவின் கோபம் நியாயமானது என்று நினைத்தேன். நான் உறவை வெட்டிவிட்டேன், அவரும் வெட்டிவிட்டார். எழுந்து போய்விடலாமா என்று தோன்றியது. வெளியே அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

நேற்றுப் பயமாக இருந்தது, மஹத்தயா என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். இன்றைக்குப் பயம் இல்லையா என்றார். இன்றைக்கும் பயம்தான் என்றேன். பிறகு சுவிட்ச் பெட்டியைப் பற்றிச் சொன்னேன். ஆள் அனுப்பிப் பாருங்கள், அவருடைய கையெழுத்து என் வீட்டுக்குள் இருக்கிறது, சிங்களத்திலும் இருக்கிறது என்றேன்.

வாக்குமூலத்தை ஒரு கான்ஸ்டபிள் எழுதினார். கையெழுத்துப் போடச் சொன்னபோது, வாசித்துவிட்டுப் போடுகிறேன் என்றேன். என் ஆயுளில் பொலிசில் நான் செய்த ஒரே தைரியம் அது. முகம் பார்த்த அளவில் அறிந்தவர் என்று எழுதியிருந்தார். அதை வெட்டச் சொன்னேன். நன்றாக அறிந்தவர் என்று போடச் சொன்னேன். கிளாக் வேலை அன்றைக்குத்தான் எனக்கு உதவியது.

பின்னேரம் அந்தக் கான்ஸ்டபிள் வீட்டுக்கு வந்தார். மூடியைத் திறந்து வாசித்தார், போனில் படம் எடுத்தார், கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார். அடுத்து நான் சந்திக் கடை முதலாளியிடம் போனேன். அவர் கமிட்டியைக் கேட்க வேண்டும், காலம் சரியில்லை நோனா என்று இழுத்தார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, எனக்கும் இருந்தது அதே பயம்தான். நாலு நாள் கழித்து அவரே பொலிசுக்குப் போய், டைமர்கள் கமிட்டியின் ஆர்டர் என்று கடிதம் கொடுத்தார். ஆனாலும் நானா உடனே வரவில்லை. அவருடைய வாக்குமூலமும் என்னுடையதும் ஒத்துப்போகவில்லை, அது ஏன் என்று தெரியும்வரை விட முடியாது என்று அவர் மனைவியிடம் சொல்லியனுப்பினார்கள். ஒவ்வொரு மாலையும் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று, அந்த வீட்டில் லைட் எரிகிறதா என்று பார்ப்பேன். முன் அறை இருட்டாகவே இருக்கும்.

பன்னிரண்டாவது நாள் விட்டார்கள். நோன்பு தொடங்கியிருந்தது. போய்ப் பார்க்க எனக்கு முகம் இல்லை. இரண்டு நாள் ஒளிந்து திரிந்தேன். மூன்றாம் நாள் மாலை அவரே வாசலில் நின்றார். மெலிந்திருந்தார். கையில் டெஸ்டர்.

"ட்ரிப் சுவிட்ச் விழுகுதாமே அக்கா. வீட்டுல செல்லினாங்க."

ஸ்டூலைப் போட்டு ஏறிப் பெட்டியைத் திறந்தார். முதுகு எனக்குத் தெரிந்தது. முகத்தைப் பார்க்காமல் பேசுவது இரண்டு பேருக்கும் சுலபமாக இருந்தது. என்னைத் தெரியாது என்று சொன்னீர்களாமே நானா, என்மேல் கோபம் என்றால் அது சரிதான் என்றேன். அவர் ஒரு வயரை இறுக்கிக்கொண்டே சொன்னார்.

"கோவமா? நீங்க தன்னே நேண்டு செல்லினது எனக்குக் கேட்டிச்சி. சரி, அக்கா பயப்படுறாங்க, அவங்கள இதுக்குள்ள இழுக்கப் படாதுண்டு நினைச்சேன். நான் தெரியும்டு செல்லினா ஒங்களையும் கொண்டுபோய் வாங்குல வெப்பாங்க. அதான் நானும் தெரியாண்டே செல்லிட்டேன்."

என்னைக் காப்பாற்ற அவர் சொன்ன தெரியாது என்பதும், அவரைக் காப்பாற்ற நான் சொன்ன தெரியும் என்பதும் ஒன்றோடொன்று மோதி, அவரை இன்னும் ஒரு வாரம் உள்ளே வைத்திருக்கின்றன. முதல் நாளே, மதிலின் இரண்டு பக்கமும் நின்று ஒரே சொல்லைச் சொல்லியிருந்தால் ஜீப் அப்படியே திரும்பியிருக்குமோ என்னவோ.

"அடுத்த தடவ ரெண்டு பேரும் ஒண்ணையே சொல்லுவோம் நானா" என்றேன்.

"அடுத்த தடவ ஒண்டு வேணாம் அக்கா." மூடியைச் சாத்தினார். "வந்தா, தெரியும்டே செல்லுவோம்."

அந்த வருடம் எங்கள் சந்தியில் தோரணம் கட்டவில்லை. அடுத்தடுத்த வருடங்களில் நோய் வந்தது, எரிபொருள் வரிசை வந்தது, வெள்ளமும் மண்சரிவும் வந்தன. ஒவ்வொன்றின்போதும் சந்தியில் ஒற்றுமையாக இருப்போம் என்று மூன்று மொழியில் பதாகை கட்டினார்கள். கட்டட்டும், தப்பில்லை. ஆனால் ஒற்றுமை கேட்கப்படுவது பதாகைக்குக் கீழே இல்லை. காலை ஏழு மணிக்கு, சாரி பாதி கட்டியிருக்கும்போது, யாரோ ஒருவர் பக்கத்து வீட்டைக் காட்டிக் கேட்கும்போதுதான் கேட்கப்படுகிறது. என் பெருமூச்சும் அங்கேதான் பிழையாகிப்போனது. செத்தது யார், செய்தது யார் என்று கேட்பதற்கு முன்பே நம் ஆள், பிற ஆள் என்று பிரித்துவிட்டேன்.

நான் திருந்திவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். இன்றைக்கும் லேனில் ஜீப் ஏறும் சத்தம் கேட்டால் முதலில் நாக்குக்கு வருவது அந்தப் பழைய சொல்தான். அதை விழுங்கிவிட்டு மற்றச் சொல்லை எடுக்க எனக்கு ஒரு நொடி தேவைப்படுகிறது. அந்த ஒரு நொடியைத்தான் இந்த நாட்டில் எல்லோரிடமும் கேட்கிறேன்.